துண்டுச்சீட்டு சார் வாய் திறந்த நாள்

ஒரு டீ வேண்டும் என்பதைக்கூட எழுதிக் கொடுத்து வாங்கிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவரோடு ஒரே அறையில் மூன்று வருடம் வேலை பார்த்தவன் நான்.

கல்வராயன்மலையில், வெள்ளிமலையில் எங்கள் ஆபீஸ். மலைக்கு மாற்றல் என்றால் மற்றவர்கள் கண்ணீர் வடிப்பார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். கீழே கள்ளக்குறிச்சியில் ஆட்கள் ஜாஸ்தி, மலையில் கம்மி. காரணம் அவ்வளவுதான்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் துண்டுச்சீட்டு சார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு கட்டுச் சீட்டு இருக்கும். 'ஒரு டீ, சர்க்கரை கம்மி.' முடிவெட்டுக் கடைக்கு, 'மீசையைத் தொட வேண்டாம்.' 'வணக்கம், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா?' ஒருமுறை அவசரத்தில் மேலதிகாரியிடம் மீசைச் சீட்டை நீட்டிவிட்டார். அந்த அதிகாரி ஒரு வாரம் மீசையைத் தடவிக்கொண்டே திரிந்தார்.

திமிர் பிடித்தவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பிரிவுபசார விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். நெஞ்சு தடதடவென்று அடிக்க, ஃபைல் அறைக்குள் ஓடி ஒளிந்தேன். பீரோவுக்குப் பின்னால் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பிறகு, சீட்டு எதுவும் இல்லாமல் கேட்டார்:

"நெஞ்சு அடிக்குதா சார்?"

"அடிக்குதுங்க."

"கை வேர்க்குதா?"

"வேர்க்குதுங்க."

"நாக்கு மேல ஒட்டிக்கினு வர மாட்டேங்குதா?"

"ஆமாங்க!"

"அப்ப நீங்க நம்ம ஆளு சார்" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த அழுகை இருக்கிறதே! உலகத்தில் நான் ஒருத்தன்தான் இப்படி என்று இருபத்தாறு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பீரோவுக்குப் பின்னாலேயே எங்கள் சங்கம் பிறந்தது. தலைவர் கிடையாது, மேடை கிடையாது. விதி ஒன்றே ஒன்று: வாரச் சந்தையில் ஆளுக்கு ஒரு முன்பின் தெரியாதவரிடம் மணி கேட்க வேண்டும். ஒருவர் கேட்க, மற்றவர் பத்தடி தள்ளி நின்று துணையிருப்பார். முதல் வாரம் மூன்று மணி நேரம் சந்தையைச் சுற்றிவிட்டு, யாரிடமும் கேட்காமல் திரும்பினோம். நான்காவது வாரம் அவர் கேட்டேவிட்டார். கேட்கப்பட்ட கிழவர் அவருடைய கையில் மின்னிய வாட்ச்சைப் பார்த்து, "இதைக் கழட்டி எங்கிட்ட குடு, சொல்றேன்" என்றார்.

இதற்கிடையில் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். முதல் வீட்டில் பெண் காபியோடு வந்ததும் எழுந்து நின்று, "குட்மார்னிங் சார்" என்றேன். இரண்டாவது வீட்டில் கை கழுவப் போனவன் கொல்லைப்பக்கமாகவே பஸ் ஸ்டாண்டு போய்விட்டேன். மூன்றாவது தியாகதுருகத்தில். "இதுவும் போச்சின்னா இன்னொரு பொண்ண நான் தேட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் அப்பா. பெற்றோர் ரிஷிவந்தியத்திலிருந்து முதல்நாளே போய்விட்டார்கள். எனக்குத் துணை துண்டுச்சீட்டு சார்.

அது இடஒதுக்கீடு கேட்டு, ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். கள்ளக்குறிச்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றது. ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் சாய்ந்து கிடந்தது. அதன்மேல் வரிசையாக ஆட்கள்.

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. "சாமியா பார்த்து வழிய மறிச்சிருக்கு சார். திரும்பிடலாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைத் துழாவினார். இந்தச் சூழ்நிலைக்கு அவரிடம் சீட்டு இல்லை. சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வேர்த்திருந்தது. அப்படியே பஸ்ஸைவிட்டு இறங்கி, மரத்தின் நடுவில் கோடாலியோடு உட்கார்ந்திருந்த பெரிய மீசைக்காரர் முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். பழகிய வார்த்தைதானே வரும்?

"மணி இன்னாங்க?"

மீசைக்காரர் கோடாலியைக் கீழே வைத்தார்.

"இன்னாயா, கையில வாட்ச்சு கட்டிக்கினு எங்கிட்ட மணி கேக்கற?"

"ஒம்போதுங்க" என்று தானே பதிலும் சொன்னார் துண்டுச்சீட்டு சார். பிறகு அணை உடைந்த மாதிரி கொட்டினார். "பதினோரு மணிக்கு இவருக்குத் தியாகதுருகத்துல பொண்ணு பாக்கணும். ரெண்டு எடத்துல பயந்துக்கினு ஓடியாந்துட்டாரு. நல்லவருங்க. எனக்கும் இதே பயம்தாங்க. இப்பகூட கால் நடுங்குது, பாருங்க."

மீசைக்காரர் நிஜமாகவே குனிந்து காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மரமே குலுங்கியது. "பஸ்ஸு போவாது. ஆனா மாப்ள போவலாம். எப்பா, ரெண்டு சைக்கிள எடு, இட்டுக்கினு போய் வுட்டுட்டு வா!"

வழியில் இன்னும் நான்கு இடத்தில் மறியல். ஒவ்வொரு இடத்திலும் எனக்குச் சைக்கிள் மிதித்தவர், "மாப்ள வராரு, வழி வுடு!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். கைதட்டினார்கள். ஒருவர் என் தலையைச் சீவிவிட்டார். இன்னொருவர், "தைரியமா பேசுங்க" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நானூறு ஐந்நூறு பேர் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சிரித்தபிறகு, ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஏழெட்டுப் பேர் எம்மாத்திரம்?

"வழியெல்லாம் கஷ்டமா இருந்துச்சுங்களா?" என்று பெண் கேட்டாள்.

மரத்திலிருந்து ஆரம்பித்து முழுக்கதையையும் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில், "உங்ககூட வந்தவர உள்ள கூப்பிடுங்க, பாக்கணும்" என்றாள். அவர் வாசலில் வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று, டீ கொடுத்த என் வருங்கால மாமனாரிடம் சர்க்கரைச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணம். மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் என்றாலே காத தூரம் ஓடுகிறவர், எல்லோருக்கும் முன்னால், முதல் வரிசையில் நட்டநடு நாற்காலியில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். தாலியை எடுத்த என் கை வெடவெடவென்று ஆடியது. நிமிர்ந்து பார்த்தேன். மடியில் கிடந்த அவருடைய கையும் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று முடிச்சையும் போட்டுவிட்டேன்.