வீகன் பூபாலன்

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எதையும் மனதில் பூட்டி வைத்தால் பிரஷர் ஏறும் என்கிறார் டாக்டர். கொலஸ்ட்ரால் ஏறி இறங்கியதிலேயே என் மானம் போய்விட்டது. பிரஷரையும் தாங்க என்னால் ஆகாது.

போன தை மாதம், செய்யூரில் என் மச்சினி மகளுக்குக் காதுகுத்து. முதல் பந்தி. இலை போட்டாயிற்று. பிரியாணி வாளியோடு என் மச்சான் தர்மராஜ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வருகிறான். நான் எழுந்து நின்றேன். கையை உயர்த்தினேன்.

"இன்னியிலேர்ந்து கறி, மீனு, முட்ட, பாலு, தயிரு, நெய் எதையும் தொடமாட்டேன். நான் வீகன்!"

கடைசி வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "வீகன்னா இன்னா வியாதிபா? ஆபரேசன் பண்ணா சரியாப் பூடுமா?"

வியாதிக்குப் பயந்துதான் சொன்னேன். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஆபீசில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்குக் கொலஸ்ட்ரால் இருநூற்று அறுபத்தெட்டு. என் அப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எனக்கு நாற்பத்தொன்பது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குப் போயிருந்தபோது, கோவளத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்தேன். எழுபத்திரண்டு வயதாம். மூச்சு வாங்கவில்லை. முப்பது வருடமாகப் பால்கூடத் தொடவில்லையாம். கடற்கரையில் நாலு படி ஏறிய எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அன்றே முடிவு செய்துவிட்டேன்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி அன்பரசி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கடப்பாக்கத்துக்காரி. கடல் காற்றையும் நெத்திலியையும் சேர்த்துச் சாப்பிட்டு வளர்ந்தவள். மீன் வாசனை இல்லாமல் அவளுக்குச் சோறு தொண்டையில் இறங்காது. அவள் மெதுவாக இலையை மூடினாள்.

"நீ துன்னாதத நான் மட்டும் துன்னுவனா மாமா?"

பந்தலில் பாதிப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன்.

வீகன் வாழ்க்கை தொடங்கியது. காலையில் மோர் விடாத கேழ்வரகுக் கூழ். மதியம் கொள்ளு, கீரை. ராத்திரி மறுபடி கொள்ளு. முதல் வாரம் என் வயிறு போட்ட சத்தத்தில் ஆபீசில் இரண்டு பேர் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். இரண்டாம் வாரம் பேண்ட் லூசானது. மூன்றாம் வாரம் கோழிகள் எல்லாம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

பால் டீக்குக்கூட வழியில்லை. மதுராந்தகத்தில் எங்கள் ஆபீஸ் எதிரில் டீக்கடை வைத்திருக்கும் துரை, அன்பரசிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா. நான் வாயைத் திறக்கும் முன்பே கடுங்காப்பியை நீட்டிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் ஸ்டான்லி டப்பாவைத் திறந்தான்.

ஸ்டான்லி என் பக்கத்து சீட்டு. கருங்குழியில் எங்கள் தெருவும்கூட. அன்று அவன் டப்பாவில் கோழி வறுவல். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், ஒரே ஒரு துண்டு."

"அட போ மச்சான்! தங்கச்சிக்குத் தெரிஞ்சா என்னிய உப்புக்கண்டம் போட்டுடும்."

"எப்டிடா தெரியும்? நீ சொல்லுவியா?"

"நானா? சேச்சே!"

ஆனால் துண்டைத் தரவில்லை. மறுநாள் அவனே ஒரு தனி டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜைக்கு அடியில் தள்ளினான். உள்ளே மட்டன் கோலா உருண்டை. நாலு உருண்டை. சோம்பும் பட்டையும் தூக்கலாக, வெளியே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஜாக்குலின் எனக்காகவே தனியாகச் செய்தாளாம். ஜாக்குலின் அவன் மனைவி.

பழைய ஃபைல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். முதல் உருண்டையில் சொர்க்கம் தெரிந்தது. நாலாவது உருண்டையில் அன்பரசி தெரிந்தாள். மூடிய இலையோடு தெரிந்தாள். வெட்கமாக இருந்தது. கையைச் சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன்.

மறுநாளும் டப்பா வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. தினமும் தின்றேன், தினமும் வெட்கப்பட்டேன். வெட்கத்தால் பசி குறையும் என்று நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்கலாம்.

நடுவில் ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் வந்தது. ஸ்டான்லி வீட்டில் நாற்பது நாளும் கறி கிடையாது. அவன் டப்பாவில் புடலங்காய்க் கூட்டு. என் டப்பாவில் மட்டும் கோலா.

"தபசுல உங்க வூட்ல கறி ஆக்கலாமாடா?"

அவன் கொஞ்சம் முழித்தான். "உனக்குன்னா ஆண்டவரு கண்டுக்க மாட்டாரு மச்சான்."

நட்பு என்றால் இதுவல்லவா நட்பு! உருகிப்போய்ச் சொன்னேன். "ஜாக்குலின் கைக்குத் தங்க வளையல் போடணும்டா. எங்க வூட்லயும் ஒருத்தி கீறாளே, இருவது வருசமா ஆக்குறா, ஒரு நாளாவது இப்டி ஒரு உருண்ட உருட்டியிருப்பாளா?"

ஸ்டான்லிக்குப் புரையேறியது.

வீட்டுக்கு வந்தால் என் நிலைமை இன்னும் மோசம். கதவைத் திறந்ததும் சாம்பிராணிப் புகை. தினமும் சாயங்காலம் வீடு முழுக்கப் போட ஆரம்பித்திருந்தாள். என் உடம்புக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவள் தம்பி தர்மராஜ் போனில் மீன் கொண்டுவரட்டுமா என்று கேட்பான். "ஞாயித்துக்கெழம வராதடா, மாமா வூட்ல இருக்கும், பாவம்" என்பாள். அந்தப் 'பாவம்' என் நெஞ்சில் குத்தும். எனக்காக நாக்கைக் கட்டிப்போட்டவளுக்கு நான் செய்வது துரோகம் அல்லாமல் வேறென்ன?

நாலு மாதம் கழித்து டாக்டர் ஷபானாவிடம் மறுபரிசோதனை. அன்பரசியும் வந்தாள். டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"நூத்தி எண்பத்தாறு! எடை ஆறு கிலோ குறைஞ்சிருக்கு. இவ்வளவு கட்டுப்பாடா ஒருத்தர் இருந்து நான் பார்த்ததில்ல. கையைக் கொடுங்க சார்."

கோலா பிடித்த கையைக் கொடுத்தேன்.

"ஒண்ணே ஒண்ணு. பி12 முன்னாடியே ஓரமாத்தான் இருந்தது, இப்ப நல்லா இறங்கிடுச்சு. பாதம் மரத்துப்போற மாதிரி, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? கறி, மீன், முட்டை, பால் எதுவுமே தொடாதவங்களுக்கு அப்படித்தான் வரும். மாத்திரை போட்டாகணும். வீகனா இருக்கிறவங்க அதை விடவே கூடாது."

பாதத்தில் எறும்பு ஊர்வது உண்மை. அதைவிடப் பெரிய எறும்பு மனதில் ஊர்ந்தது. தினம் நாலு மட்டன் உருண்டை தின்றவனுக்குக் கொலஸ்ட்ரால் எப்படி இறங்கும்? அன்பரசியின் வேண்டுதல்தான்! அவள் பட்டினி கிடந்த புண்ணியத்தில் என் ரத்தம் சுத்தமாகியிருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

திரும்பும் வழியில், ஏரிக்கரையில், பைக்கிலேயே சொன்னேன்.

"அன்பு, நான் ஒரு பாவி."

"வண்டிய ஓரமா நிறுத்திட்டு பேசு. பின்னால பஸ்ஸு வந்துகினு கீது."

நிறுத்தினேன். இறங்கினேன். அவள் காலில் விழலாமா என்று பார்த்தேன். சாலையில் தெரிந்த ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நின்றபடியே சொன்னேன்.

"உன்ன ஏமாத்திட்டேன். மூணு மாசமா ஆபீசுல திருட்டுத்தனமா கோலா உருண்ட துன்னேன்."

அவள் முகம் மாறவில்லை. "ஒரு நாளிக்கு எத்தினி?"

"நாலு."

"நாலா? அஞ்சு இல்ல?"

"சத்தியமா நாலுதான்."

"அப்போ தெனம் ஒண்ண ஸ்டான்லி அண்ணந்தான் துன்னுகினு இருந்துகீறாரு. நான் எண்ணி அஞ்சு வெச்சேன்."

"நீ வெச்சியா?"

"வேற யாரு? நீ கோழித் துண்டு கேட்ட அன்னிக்கே அண்ணன் போன் பண்ணிட்டாரு. வாயக் கட்டத் தெரியாத மனுசன், வெளிய எங்கனா போயி கண்ட எண்ணெயில துன்னு வெச்சா இன்னா பண்றது? அதான் மீல்மேக்கரையும் வாழப்பூவையும் அரைச்சு, மசாலாவ நல்லா ஏத்தி, கல்லுல சுட்டு அனுப்புனேன்."

"மட்டன் இல்லியா?"

"மட்டனா? நாலு மாசத்துல உன் வாயில ஒரு பொட்டு மட்டன் போவல."

மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாவமும் செய்யவில்லை, ருசியும் பார்க்கவில்லை. அத்தனை வெட்கமும் வீண்.

"அப்புறம் மாமா, எனக்கு இருவது வருசமா உருண்ட உருட்டத் தெரியலயாமே?"

பேச்சை மாற்றினேன். "என்னால நீயும் இப்டி வாயக் கட்டிகினு கீறியே அன்பு. இனிமேலாவது மீனு துன்னு."

அவள் முதல் முறையாகத் தலையைக் குனிந்தாள். முந்தானை நுனியை முறுக்கினாள்.

"நேத்து மத்தியானம் வஞ்சிரம்."

"இன்னாது?"

"முந்தாநேத்து நெத்திலி. நீ ஒம்பதே முக்கால் பஸ்ஸு ஏறுனா தர்மராஜு பத்து மணிக்கு வந்துடுவான். மீனு வாட தெரிஞ்சி உனக்கு வயித்தெரிச்சல் வேணாம்னுதான் சாம்பிராணி போடறது."

"எப்பலேர்ந்து?"

"காதுகுத்துலேர்ந்துதான். எலைய மூடிட்டேன் இல்ல? அவன்தான் பிரியாணிய பார்சல் கட்டிக் குடுத்தான்."

பைக்கை எடுத்தேன். கடப்பாக்கத்திலிருந்து கருங்குழி வரைக்கும் அந்த நாலு மாதமும் ஒரு நாள்கூடத் தவறாமல் சுத்த வீகனாக இருந்த ஒரே ஆள், தினமும் திருடித் தின்ற நான்தான்.