நீல நாக்கு

பிளாஸ்டிக் பட்டை மறுபடியும் வெளுக்கவில்லை.

தேவப்பிரியம் கைப்பிடியை மெல்லச் சுற்றினான். ஸ்பிரிட் தொட்டிக்குள் பட்டை கண்ணாடி மாதிரியே தெளிவாக நீண்டு, பட்டென்று அறுந்தது. ஸ்பிரிட்டில் முக்கி இழுத்தால் அது பால்போல வெளுக்க வேண்டும். வெளுத்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் விழுந்துவிட்டன என்று அர்த்தம். அதன்பின் சாயமோ மருந்தோ, எதைக் கலந்தாலும் பட்டை குடித்துவிடும், வேகவைத்தாலும் கக்காது. எழுபத்து மூன்றில் அந்தத் திருவொற்றியூர் தொழிற்சாலை இதை நம்பித்தான் புதுப் பிரிவு தொடங்கியிருந்தது. தேவப்பிரியம் இதை நம்பித்தான் கல்யாணம் செய்துகொண்டிருந்தான்.

"சனிக்கிழமை பம்பாயிலேர்ந்து முதலாளி வர்றார்," என்றார் இன்ஜினியர் சுப்புராஜ். "அன்னைக்கும் வெளுக்கலைன்னா நீ வீட்டுக்குப் போயிடலாம்."

தேவப்பிரியம் ஸ்பிரிட் பீப்பாயில் விரலை விட்டு மோந்து பார்த்தான். தண்ணீர் கலந்திருந்தது. எவனோ ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டு, குறைந்தது தெரியாமலிருக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்.

புதுப் பீப்பாய் வந்தது. அதை வைத்த அறைக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டான். சாவியை, தொழிற்சாலை வழக்கப்படி, வாட்ச்மேன் தவசிமுத்துவிடம் ஒப்படைத்தான்.

மறுநாள் அதிலும் தண்ணீர்.

"அண்ணே, உள்ள யாராச்சும் வந்தாங்களா?"

"சாவி என் இடுப்புல கீது. எவன் வருவான் நைனா?" என்றார் தவசிமுத்து.

அந்தப் பதிலில் இருந்த விஷயம் தேவப்பிரியத்துக்கு உறைக்க மத்தியானமாகிவிட்டது. ஆனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. செவ்வாய் மாலை ஒரு பொட்டலம் நீலச் சாயத்தைப் பீப்பாயில் கொட்டிக் கலக்கினான். குடித்தவன் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

புதன்கிழமை எல்லார் வாயையும் ஆராய்ந்தான். நான்கு பேரிடம் பல்வலியா என்று விசாரித்தான். மற்றவர்கள் முன்னால் நின்று கொட்டாவி விட்டான், அவர்களும் விடுவார்கள் என்று. பாய்லர் வேலப்பன் அவன் சட்டையைப் பிடித்தான்.

"இன்னா மாமு, காத்தாலேந்து என் வாயையே பாத்துகினு கீற?"

ஒரு நாக்கும் நீலமில்லை. அன்று வேலைக்கு வராதவர் தவசிமுத்து மட்டும்தான். வியாழனும் வரவில்லை.

"அவருதான் சார் திருடன். ஓடிட்டாரு," என்றான் தேவப்பிரியம், கொஞ்சம் சந்தோஷமாகவே.

"சாவி?"

"அவர்கிட்ட."

பூட்டைச் சுத்தியலால் உடைக்க முடியாது. பொறி பறந்தால் ஸ்பிரிட்டோடு தொழிற்சாலையே போய்விடும். சுப்புராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைநீக்கக் கடிதத்தை டைப் அடிக்கச் சொன்னார்.

"இதைக் கொடுத்துட்டு, சாவியோட வா. வெறுங்கையோட வந்தா உனக்கும் ஒண்ணு அடிக்கச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை கல்மண்டபத்தில் தவசிமுத்துவின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், "ஆஸ்பத்திரில கீறாருப்பா. பொழைக்கிறது கஷ்டம்னாங்க," என்றார்.

தேவப்பிரியம் பஸ்ஸுக்கு ஓடினான். சாயம் விஷமா? பொட்டலத்தில் ஏதாவது எழுதியிருந்ததா? பஸ்ஸில் வழிநெடுக மாதாவிடம் மன்றாடினான். வேலை போனாலும் பரவாயில்லை, அந்த மனிதர் சாகக்கூடாது.

வார்டில் தவசிமுத்து மார்புவரை போர்த்தி, வாய் பிளந்து மயக்கத்தில் கிடந்தார். தேவப்பிரியம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தான்.

நாக்கு வெளிறியிருந்தது. ஒரு பொட்டு நீலம் இல்லை.

அவர் குடிக்கவில்லை. தன் சாயம் அவரைக் கொல்லவும் இல்லை. தேவப்பிரியத்துக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டைப்பையில் இருந்த கடிதத்தைக் கசக்கினான்.

கட்டிலடியில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள்.

"கம்பெனி ஆளா? நா அவரு சம்சாரம், பூவம்மா." முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை நீட்டினாள். "ஜொரத்துலயும் இதத்தான் கேட்டுகினு இருந்தாரு."

"அண்ணனுக்கு இன்னா ஆச்சும்மா?"

"சக்கர வியாதி சார். கால்ல சின்னப் புண்ணு. தப்புதான், டெய்லி கம்பெனி ஸ்பிரிட்ட கொஞ்சம் எடுத்து, டூட்டிலயே கழுவிக் கட்டுப் போட்டுப்பாரு. எடுத்த அளவுக்குத் தண்ணி ஊத்திடுவேன்னாரு."

"அப்புறம்?"

"ஆறிகினுதான் சார் வந்துச்சு. பொதங்கெழம காத்தால ராத்திரி டூட்டி முடிஞ்சு ஜொரத்தோட வூட்டுக்கு வந்தாரு, கட்டப் பிரிச்சா பாதம் முழுக்க நீலம். தேச்சுத் தேச்சுக் கழுவினேன், போவல. அந்த நீலத்தப் பாத்து அழுவிப்போச்சுன்னு டாக்டரு கால முட்டியோட எடுத்துட்டாரு."