கிரான்பர்ன் தென்னையும் இரண்டு தக்காளி நாற்றும்

1976ஆம் ஆண்டு ஜூலை மாதம், நடுக்குளிரில், மெல்பர்னுக்கு வெளியே கிரான்பர்னில் ஒரு தென்னங்கன்று சாகவில்லை. செய்தி அவ்வளவுதான். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு, மெல்பர்னில் இருந்த தமிழர்களில் பாதிப்பேர் ஞாயிறுதோறும் விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். மீதிப் பாதிப்பேரிடம் கார் இல்லை.

அப்போது கிரான்பர்ன் என்றால் முட்டைக்கோசுத் தோட்டமும் குதிரைகளும்தான். குளிர்காலத்தில் சில நாட்கள் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். காலை வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். அங்கே ஒரு வீட்டின் பின்புறம், செங்கல் சுவரோரம், சுண்ணாம்பு பூசிய கற்கள் வட்டமாக வைத்து, அதன் நடுவில் இடுப்பளவு உயரத்தில் அந்தக் கன்று நின்றது. ஏழு ஓலை. ஏழும் பச்சை.

தென்னைக்கு உறைபனி ஆகாது. இது யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கும் தெரியும், பொள்ளாச்சியில் பிறந்தவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கும்பிட்டார்கள்.

கன்றின் உரிமையாளர் ஈஸ்வரமூர்த்தி. இரண்டு வருஷம் முன்பு வரை வீடு வீடாகப் போய்த் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றவர். ஒருவரும் வாங்கவில்லை. பிறகு தாடி வளர்த்தார். தாடியோடு ‘தென்னையடிகள்’ என்ற பெயரும் வளர்ந்தது. காவி வேட்டிக்கு உள்ளே கம்பளிக் கால்சட்டை போட்டிருப்பார். குளிரை வென்றவருக்குக் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை அல்ல.

பொழுது சாய்ந்ததும் கன்றைச் சுற்றி மஞ்சள் திரை போட்டுவிடுவார். “மரம் தவத்தில் இருக்கிறது” என்பார். காலையில் சூரியன் வந்ததும் மணியடித்துத் திரையை விலக்குவார். கூட்டம் “அரோகரா” என்று கத்தும். பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் குதிரைகள் மிரளும்.

அடிகள் காசு கேட்டதே இல்லை. மரத்துக்கு எது விருப்பமோ அதைக் கனவில் அறிந்து சொல்வார். மரம் தங்க வளையல்களை விரும்பியது. மின்சாரப் போர்வைகளை விரும்பியது. அந்த நாளில் புதிதாக வந்திருந்த கலர் டெலிவிஷனையும் ஒருமுறை விரும்பியது. அதெல்லாம் வீட்டுக்குள் போனது. மரம் வெளியே நின்றது.

பதிலுக்கு மரம் வைத்தியம் பார்த்தது. ஓலையிலிருந்து கிழித்த ஒரு நாரைக் கையில் கட்டுவார் அடிகள். “பனியை வென்ற மரம் சளியை வெல்லாதா?” என்று ஒரு கேள்வி கேட்பார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை. பதில் இல்லாததெல்லாம் உண்மை என்று கூட்டம் எடுத்துக்கொண்டது.

கோல்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார்கள் கதிர்காமநாதனும் செல்வராணியும். அவர் டிராமில் கண்டக்டர். யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் உட்கார்ந்து வேலை பார்த்தவர், இங்கே நின்றுகொண்டு டிக்கெட் கிழித்தார். அவருக்குச் சிறுவயதிலிருந்தே இழுப்பு. குளிர் வந்தால் கூடவே அதுவும் வரும். சட்டைப்பையில் வாய்க்குள் அடிக்கும் மருந்துப் பம்பு ஒன்று எப்போதும் இருக்கும்.

அடுத்த வருஷம் ஜூன் மாதத்தில் அந்தப் பம்பைச் செல்வராணி கொண்டுபோய்க் கல்வட்டத்தில் காணிக்கையாக வைத்தாள். அவர் கையில் நார் ஏறியது. மூன்றாவது வாரம், ஸ்வான்ஸ்டன் தெருவில், டிராம் நிற்கும் இடத்தின் பெயரைக் கூவ வாயைத் திறந்தவர் மூச்சு வராமல் அப்படியே பயணிகள் மேல் சாய்ந்தார். டிரைவர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்தினார். ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள்.

செல்வராணி அழுதுகொண்டே அடிகளிடம் ஓடினாள். அடிகள் கண்ணை மூடித் திறந்தார்.

“உங்கள் வீட்டில் சந்தேகம் இருக்கிறது அம்மா. மரத்துக்கு அது பிடிக்கவில்லை. சனிக்கிழமை தொடங்கி மூன்று இரவு அவர் மரத்தின் பக்கத்தில் வெறும் தரையில் படுக்க வேண்டும். போர்வை கூடாது. மருந்து கூடாது. குளிர் அவரை விட்டு மரத்துக்குப் போய்விடும்.”

அன்று மாலை அடுத்த வீட்டு வைதேகி, ரசம் கொடுக்க வந்தவள், இதைக் கேட்டுப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். வைதேகி திருச்சிக்காரி. தினமும் பழைய மோரிஸ் காரில் கிரான்பர்ன் பக்கம் ஒரு நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போகிறவள்.

“அக்கா, வெறுந்தரையிலயா? இந்தக் குளிர்லயா? அண்ணா ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து ரெண்டு நாள்கூட ஆகலையே!”

“மருந்து மருந்து எண்டு சொல்லாதேங்கோ வைதேகி” என்றாள் செல்வராணி. “என்ர அண்ணைக்கும் இதே முட்டுத்தான். பெரியாஸ்பத்திரியில, கையில ஊசி ஏறிக்கொண்டிருக்கேக்கைதான் செத்தவர். நான் பக்கத்தில நிண்டனான்.”

வைதேகி கதிர்காமநாதனைப் பார்த்தாள். அவர் கதிரையில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னார்: “எனக்கு இதில நம்பிக்கை இல்லை, பிள்ளை. ஆனா நான் போகாட்டில் இவ நித்திரை கொள்ளமாட்டா. மூண்டு நாள்தானே.”

மூன்று நாள் அவருக்குத் தேவைப்படாது, ஒரு இரவே போதும் என்று வைதேகிக்குத் தோன்றியது.

அவளுக்கு அந்த மரத்தின் மேல் வேறொரு கணக்கும் இருந்தது. மூன்று குளிர்காலத்தில் மூன்று தென்னங்கன்று வளர்த்துப் பார்த்தவள் அவள். ஒன்றைச் சாக்கால் மூடினாள், ஒன்றைச் சன்னலோரம் வைத்தாள், ஒன்றைக் குளியலறையில்கூட வைத்துப் பார்த்தாள். மூன்றும் செத்தன. போன மாதம் அடிகளிடமே போய்க் கேட்டாள்: “என்னோடது மூணும் செத்துப்போச்சு சாமி. உங்களுது மட்டும் எப்படிப் பிழைச்சது?”

“பக்தி போதாது” என்றார் அடிகள்.

தென்னைக்கா தனக்கா என்று அவளுக்குப் புரியவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகிற வழியில், விடிந்தும் விடியாத நேரத்தில், வைதேகி அடிகளின் வேலியோரம் காரை நிறுத்தி எட்டிப் பார்த்தாள். புல்தரை முழுக்க வெள்ளை. ஆனால் வீட்டுச் சுவரிலிருந்து கல்வட்டம் வரை, ஒரு சாண் அகலத்துக்கு, கோடு கிழித்தது போலப் பச்சை. அந்தக் கோட்டில் மட்டும் பனி இல்லை. கோட்டின் மேல் ஒரு பூனை சுகமாகப் படுத்திருந்தது.

கூட்டமும் அதைப் பார்த்திருக்கிறது. ‘அருள் நடக்கும் பாதை’ என்று பெயரும் வைத்திருக்கிறது.

வைதேகிக்கு அது என்ன என்று தெரிந்துவிட்டது. ஆனால் சொன்னால் நம்பமாட்டார்கள். தோண்டிக் காட்டினாலும் அதற்கும் ஒரு பெயர் வைப்பார்கள். ஆகவே பண்ணைக்குப் போய் ஒரே உயரத்தில் இரண்டு தக்காளி நாற்று எடுத்துக்கொண்டாள். சனிக்கிழமை இரவு உறைபனி என்று வானொலி சொன்னது.

சனிக்கிழமை சாயங்காலம். கதிர்காமநாதன் குளிரோடு படுக்கப்போகிற காட்சியைப் பார்க்க அறுபது பேர் கூடியிருந்தார்கள். எல்லோரும் ஓவர்கோட் போட்டிருந்தார்கள். அவர் மட்டும் வேட்டி சட்டையோடு நின்றார்.

வைதேகி நாற்றுகளோடு முன்னால் போனாள். “சாமி, இதுல ஒண்ணுக்கு உங்க மந்திரம் ஓதணும்.”

“அருளைச் சோதிக்கக் கூடாது.”

“சோதனை இல்ல சாமி. ஆசீர்வாதம் கேக்கறேன். தப்பா?”

அடிகள் யோசிப்பதற்குள் செல்வராணி பதில் சொல்லிவிட்டாள். “சாமிக்கு ஒரு தக்காளிக் கண்டு பெரிய விசயமே? குடுங்கோ இஞ்ச!” கூட்டம் அரோகரா போட்டது. பக்தர்கள் இருக்கும்போது சாமியாருக்கு வேறு எதிரி வேண்டாம்.

அடிகள் ஒரு நாற்றுக்கு மந்திரம் ஓதினார். திருநீறு தூவினார். நாரும் கட்டினார். பிறகு அதைக் கல்வட்டத்துக்குள் வைக்கப் போனார்.

“அது வேண்டாம் சாமி. அதை வேலி ஓரமா, புல்லுல நடுவோம். மந்திரம் ஓதாததை மரத்துக்குப் பக்கத்துல நடுவோம்.”

“ஓதியது மரத்தருகில்தான் இருக்க வேண்டும்.”

“ஏன் சாமி, உங்க மந்திரம் இருபது அடிகூடப் போகாதா? அப்ப இவங்க எல்லாம் கையில கட்டிக்கிட்டு டாண்டினாங் வரைக்கும் போறாங்களே, அந்த நாரெல்லாம் வழியிலேயே செத்துருமா?”

அறுபது பேரும் தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அடிகள் அவசரமாக, “எங்கே வேண்டுமானாலும் நடலாம்” என்றார்.

மற்ற நாற்றுக்கும் யாராவது ஏதாவது ஓதவேண்டும், இல்லாவிட்டால் அது வருத்தப்படும் என்றாள் வைதேகி. கதிர்காமநாதன் குனிந்து, தன் கண்டக்டர் குரலில், கோல்ஃபீல்டிலிருந்து நகரம் வரை டிராம் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொன்னார். நடுவில் இரண்டு முறை மூச்சுவாங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு நாத்து படுக்கட்டும்” என்றாள் வைதேகி செல்வராணியிடம். “காலையில அது எழுந்திரிச்சா, நாளைக்கு அண்ணா படுக்கட்டும். ஒரு நாள்தானே அக்கா.”

செல்வராணி புருஷனின் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஓம்” என்றாள்.

நாற்றை யாரும் திருடிவிடக் கூடாது என்று விக்னராஜாவும் இன்னும் மூன்று பக்தர்களும் தங்கள் ஹோல்டன் காரைப் புல்தரையிலேயே நிறுத்தி உள்ளே உட்கார்ந்தார்கள். விக்னராஜாதான் அந்தக் கலர் டெலிவிஷனைக் கொடுத்தவர். அடிகளின் மேல் அவ்வளவு நம்பிக்கை. காவல் வேண்டாம் என்று அடிகள் மூன்று முறை சொன்னார். சாமியின் பெருந்தன்மையை எண்ணி அவர்கள் இன்னும் உறுதியாக உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை புல் முழுக்க வெள்ளை. மணி அடிக்கவில்லை. விக்னராஜாவே திரையை விலக்கினார்.

மந்திரம் ஓதிய நாற்று வேகவைத்த கீரை மாதிரி கறுத்துத் தரையோடு கிடந்தது. அதில் கட்டிய நார் மட்டும் நன்றாக இருந்தது. டிராம் நிறுத்தம் ஓதிய நாற்று இலையை விரித்துக்கொண்டு நின்றது.

“அவிசுவாசி கை பட்ட நாற்று” என்றார் அடிகள்.

“ரெண்டையும் நான்தான் தொட்டேன்” என்றாள் வைதேகி.

“மந்திரத்தின் வேகத்தை அந்தச் சின்னச் செடி தாங்கவில்லை.”

“எனக்கும் சின்ன நெஞ்சுதான் சாமி” என்றார் கதிர்காமநாதன்.

“பக்கத்தில் நின்றதை மரமே காப்பாற்றியது!”

விக்னராஜா தலையைச் சொறிந்தார். “அப்ப சாமி, மரம்தான் எல்லாம் செய்யுது எண்டால், நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?”

ஒரு வருஷத்தில் அந்த வீட்டுப் புழக்கடையில் ஒரு பக்தர் கேட்ட முதல் கேள்வி அது.

வைதேகி கையோடு கொண்டுவந்திருந்த சிறு மண்வெட்டியால் பச்சைக் கோட்டில் இரண்டு கொத்துக் கொத்தினாள். நான்கு அங்குல ஆழத்தில் கறுப்பாக ஒரு கம்பி.

“எங்க பண்ணையில நாத்துப் பாத்திக்கு அடியில இதைத்தான் புதைக்கிறோம். மண்ணைச் சூடா வைக்கிற கரண்ட் கம்பி. திரை மடிப்புக்குள்ள பாருங்க, பல்பும் இருக்கும்.”

இருந்தது. இரண்டு.

செல்வராணி முழங்காலிட்டாள். கம்பியை இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். மண்ணைப் பிளந்துகொண்டு அது வந்தது. விடாமல் இழுத்துக்கொண்டே போனாள். அது வீட்டுச் சுவரைத் துளைத்து, துணி துவைக்கும் அறைக்குள் போய், சுவரிலிருந்த சுவிட்சில் முடிந்தது. அதைப் பிடுங்கினாள். ஒரு கையில் கம்பியின் நுனியோடு வெளியே வந்து அடிகளின் முன்னால் நின்றாள். அவள் குரல் உயரவே இல்லை.

“இது மரத்துக்கு வைச்சது. என்ர மனுசனை இதுக்குப் பக்கத்தில வெறும் நிலத்தில படுக்கச் சொன்னனீங்கள். அவருக்கு என்ன வைச்சிருந்தனீங்கள்?”

அடிகள் வானத்தைப் பார்த்தார். அங்கிருந்து உதவி எதுவும் வரவில்லை.

“அவரின்ர பம்பைத் தாங்கோ.”

ஒரு பிஸ்கட் டின் வந்தது. அதற்குள் கதிர்காமநாதனின் பம்பு மட்டுமல்ல, இன்னும் ஆறு பேருடைய பம்பும், இரண்டு மூக்குக்கண்ணாடியும், ஒருவரின் இருதய மாத்திரையும் இருந்தன. செல்வராணி தேடி எடுத்து, துடைத்து, புருஷனின் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டாள். பிறகுதான் அழுதாள். அவர் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு, மற்றக் கையின் மணிக்கட்டில் இருந்த நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

வளையல்களும் போர்வைகளும் அன்றைக்கே வீடு திரும்பின. டெலிவிஷனை விக்னராஜாவும் காவலிருந்தவர்களும் தூக்கிக்கொண்டு போனார்கள். அடிகள் அந்த வாரமே தாடியை எடுத்துவிட்டுக் குவீன்ஸ்லாந்துக்குப் போனார். அங்கே தென்னை தானாகவே வளரும் என்பதால் அவருக்கு வேலை இருக்காது. கம்பி இல்லாத கன்று இரண்டு இரவு நின்றது. மூன்றாம் நாள் காலையில் ஏழு ஓலையும் பழுப்பு. ‘நாம் சந்தேகப்பட்டதால்தான் மரம் செத்தது’ என்று ஐந்தாறு பேர் போய் மாலை போட்டுவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு நார் இன்னும் அவிழவில்லை.

செப்டம்பரில் வெயில் வந்தது. வைதேகியின் பண்ணைக்கு அந்த அறுபது பேரில் பலரும் மிளகாய்க் கன்று வாங்க வந்தார்கள். இது எந்த ஊர்க் கன்று, எத்தனை நாள் வயது, காரம் எப்படி, வேரில் பூச்சி உண்டா, வேறு யார் வாங்கிப் பலன் கண்டார்கள், செத்தால் மாற்றித் தருவீர்களா என்று கன்றைத் தலைகீழாகப் பிடித்துக் கேட்டார்கள். வைதேகி எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

ஒரு மிளகாய்க் கன்றை வாங்க இத்தனை கேள்வி கேட்கத் தெரிந்தவர்களே, உயிரைக் கொண்டுபோய்க் கொடுக்கிற இடத்தில் ஒன்றாவது கேளுங்கள்.