ஒரு பிடி அரிசி ஓட்டாத வாசனைப் பொடி

உடம்பு சூடாகிற வயதில் பெண்ணுக்குப் புத்தியும் சூடாகத்தான் இருக்கும். என் விஷயத்தில் அந்தச் சூடு ஒரு கல்யாண மண்டபம் வரை போய்விட்டது.

எனக்கு மாதவிலக்கு நிற்கிற சமயம். நிற்பது சும்மா நிற்குமா? திடீரென்று நெஞ்சிலிருந்து ஓர் அனல் கிளம்பும். கழுத்தும் முகமும் தொப்பலாக நனையும். (கொச்சி மட்டாஞ்சேரியில் மழை இல்லாத நாளிலும் நான் நனைந்தபடிதான் இருந்தேன்.) ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "அனலுக்கு மருந்து தரேன். ஆனா ஹார்மோன் தானா குறையிற நேரம் இது. பிளாஸ்டிக்ல சூடா ஒண்ணும் ஊத்தாதீங்க. சென்ட், வாசனைப் பவுடரெல்லாம் முடிஞ்சவரை குறைங்க. அதுல சில ரசாயனம் ஹார்மோன்ல போய்க் கை வைக்கும். பயப்பட வேண்டாம், குறைச்சா நல்லது."

குறைப்பதாவது! எடுத்த காரியத்தைப் பாதியில் விடுகிற வழக்கம் (நாலாம் வகுப்புப் படிப்பைத் தவிர) எனக்குக் கிடையாது. அன்று மாலையே அடுக்களையிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் வெளியேறியது. பிளாஸ்டிக் கவரில் சாயா வாங்கி வந்த வீட்டுக்காரரை, தூக்குவாளியைக் கையில் கொடுத்து வாசலோடு திருப்பி அனுப்பினேன். பவுடர் டப்பா குப்பைக்குப் போனது.

தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க வந்த நாத்தனார் ராஜம் சிரித்தாள். "மதினி, பவுடரும் போடாம சபையில வேர்த்து ஒழுகப் போறீங்களா? தாய்மாமன் பெண்டாட்டி நீங்கதான் தாலித் தட்டைச் சுத்திக் காட்டணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால என் மானம் உங்க கையில."

"அந்த மண்டபத்துல என்னைவிட மணக்கிறவ ஒருத்தி இருக்க மாட்டா, பாத்துக்கோ" என்றேன்.

சொன்னால் செய்ய வேண்டாமா? பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ரோஜா இதழ் எல்லாம் காயவைத்து எடுத்துக்கொண்டு கொச்சங்காடி மாவு மில்லுக்குப் போனேன். மில்லுக்காரர் கை காட்டினார். "சேச்சி, இப்பத்தான் வத்தல்மொளகு பொடிச்சது. ஒரு பிடி அரிசி ஓட்டி மில்லைச் சுத்தம் பண்ணிட்டுத் தரேன். கொறச்சு நேரம் நில்லுங்க."

மிளகாய் அரைத்த மில்லில் அரிசி ஓட்டாமல் வேறெதையும் அரைக்கக் கூடாது என்பது இந்தச் சந்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரம் பார்த்து அனல் கிளம்பிவிட்டது. "மொளகு மூட்டைக்கு நடுவுல வாழ்றவ நான், சேட்டா. அரைங்க!" என்று அதட்டினேன்.

"பின்னே என்னைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று அரைத்துக் கொடுத்தார்.

பொடி லேசாகச் சிவந்திருந்தது. ரோஜாவின் நிறம் என்று பூரித்தேன். தும்மல் வந்தது. மில்லில் யார்தான் தும்மவில்லை?

கல்யாணத்தன்று காலை கழுத்து, முதுகு, கக்கம் எல்லாம் அப்பிக்கொண்டேன். பெருமை தாங்காமல் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தேன். "ரசாயனமே இல்லாதது, சம்பந்தியம்மா. போட்டுப் பாருங்க."

தாலித் தட்டோடு சபையைச் சுற்றும்போது அனல் வந்தது. வேர்வை வந்தது. வேர்வை பொடியைத் தொட்டது.

அம்மாடி! முதுகில் அடுப்பைக் கட்டினாற்போல் இருந்தது. தட்டைக் கீழே வைக்கக் கூடாது. சொறியக் கை இல்லை. தோளைக் குலுக்கினேன், இடுப்பை நெளித்தேன், ஒற்றைக் காலில் எழும்பினேன். பெண்ணின் அத்தை சந்தோஷத்தில் ஆடுகிறாள் என்று நினைத்து நாயனக்காரர் வேகத்தைக் கூட்டினார். நாலு பேர் கைதட்டவும் செய்தார்கள்.

"மதினி, என்ன கூத்து இது?" என்று ராஜம் பல்லைக் கடித்தாள்.

"பிடிடி தட்டை!" என்று அவள் கையில் திணித்துவிட்டுச் சமையல்கட்டுக்கு ஓடினேன். அங்கே மோர்க்குழம்புக்கு வைத்திருந்த தயிரை இரண்டு கையாலும் அள்ளிக் கழுத்தில் அப்பினேன். பின்னாலேயே பட்டுச்சேலை சரசரக்க ஓடி வந்தார் மாப்பிள்ளையின் அம்மா. அவரும் அதே பாத்திரத்தில் கையை விட்டார்.

மில்லில் நடந்ததைச் சொன்னேன். தட்டோடு துரத்தி வந்த ராஜம் வாசலில் வெளிறி நின்றாள். இன்னும் தாலி ஏறவில்லை. கல்யாணமே நின்றுவிடும் என்று அவளுக்குப் பயம். (எனக்கும்தான். எரிச்சலில் தெரியவில்லை.)

சம்பந்தியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கும் அந்த அனலா?"

"ஆமா."

"எனக்கும் ரெண்டு வருஷமா. வீட்டுல சொன்னா, ஃபேனைக் கூட்டி வைக்கிறாங்க, அவ்வளவுதான்." சொல்லிவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "பொடி வாசனை நல்லாத்தான் இருந்துது, எரியறதுக்கு முன்னால. மொளகா இல்லாம கிடைக்குமா?"

தயிர் வழிய இருவரும் கைகோத்துக்கொண்டு மணவறைக்கு வந்தோம். தாலி ஏறியது. மோர்க்குழம்பு மட்டும் யாருக்கும் இல்லை. அந்த மண்டபத்தில் என்னைவிட மணத்தவளும் இல்லை. புளித்த தயிர் மணம்தான் என்றாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

மறுவாரமே மில்லில் பொறுமையாக நின்று, அரிசி ஓட்டச் சொல்லி அரைத்தேன். இன்று சம்பந்தி வீட்டிலும் வாசனைப் பவுடர் கிடையாது. அவர்கள் அடுக்களையிலும் கண்ணாடியும் எவர்சில்வரும்தான். எங்கள் குடும்பத்தில் யார் எதைப் புதிதாகத் தொடங்கினாலும், பைக் வாங்கினாலும், வேலைக்குச் சேர்ந்தாலும், "ஒரு பிடி அரிசி ஓட்டியாச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

சில வருஷம் கழித்து ராஜத்துக்கும் அனல் வந்தது. "மதினி, அந்தப் பொடி கொஞ்சம்…" என்று இழுத்தாள். கொடுத்தேன், அரிசி ஓட்டி அரைத்ததைத்தான். பழைய பொடியிலும் கொஞ்சம் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் இப்போதெல்லாம் என்னிடம் வாயைக் குறைத்துப் பேசுகிறாள். கண்ணாடிப் பாட்டிலில்தான் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் வைக்க நான் என்ன விவரம் கெட்டவளா?