தைக்காமல் விட்ட ஏழு புத்தகங்கள்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவோடு எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். உங்கள் சுகமும், பெரியம்மாவின் முழங்கால் சுகமும், பைண்டிங் பட்டறையில் உங்கள் பேச்சை மட்டும் கேட்கிற அந்தத் தாள் வெட்டும் இயந்திரத்தின் சுகமும் நாடுகிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவருக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. கல்லூரியில் வருகைப் பதிவு எடுக்கும்போது சத்தமாக 'உள்ளேன்' சொல்லக் கூச்சப்பட்டே பாதி நாள் ஆப்சென்ட் வாங்கினவள் நான். 'வீட்டுல முதமுதல்ல பட்டம் வாங்குனது இது, வாயில்லாப் பூச்சி' என்று நீங்களே பட்டறைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள். பூச்சிக்குப் பேனா பிடிக்கத் தெரியும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

நீங்கள் அம்மாவிடம் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. 'அவங்க வேதத்துல மட்டும் இருக்கிற அந்தத் தோபித்தும் மத்த ஆறு புத்தகமும் வேதமே இல்லைன்னு பையன் என் முன்னால நின்னு சொல்லட்டும். சொன்னாத்தான் நான் பொண்ணைக் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போய் நிறுத்துவேன். இல்லேன்னா கல்யாணப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்.' அப்பா இல்லாத வீட்டில் அந்தக் கையைப் பிடிக்க உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை என்று தெரிந்துதான் இதைச் சொல்லி அனுப்பினீர்கள். என் பதில் இதுதான்: அவர் சொல்ல மாட்டார், நானும் அவரைச் சொல்லச் சொல்ல மாட்டேன்.

நிச்சயம் பேசிய அன்று நடந்ததை நீங்கள் பட்டறைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஒரு விதமாகச் சொல்லி வருகிறீர்களாம். டீத் தட்டோடு கதவோரம் நின்று முழுக்கப் பார்த்தவள் நான், அதனால் நடந்ததை நான் சொல்கிறேன். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்று தெரிந்ததும் பெரியம்மா தன் கண்ணைக் காட்டினார், அவரும் கூச்சப்படாமல் பார்த்துச் சொன்னார். அவருடைய அப்பா, அந்த லிஃப்ட் மெக்கானிக், உங்கள் மடியில் இருந்த வேதத்தைப் பார்த்தார். என் கல்யாணத்துக்கென்று நீங்களே தைத்து, தோல் போட்டு, ஓரத்துக்குத் தங்கப்பூச்சுப் பூசிக் கொண்டு வந்தது. 'அடேயப்பா, இது உங்க கைவேலையா? அப்ப நீங்களே ஒரு வாசகம் வாசிச்சு ஆரம்பிச்சு வையுங்க. எங்க கத்தோலிக்க வழக்கத்துல கல்யாணத்துக்குத் தோபித்து வாசிப்போம். நெகேமியா முடிஞ்சதும் வரும் பாருங்க' என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நீங்களும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு நெகேமியாவைப் புரட்டினீர்கள், அடுத்தது எஸ்தர். திரும்பப் புரட்டினீர்கள், அப்போதும் எஸ்தர். டீ ஆறியது. நீங்கள் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினீர்கள், வெளிச்சத்தில் வைத்து முதுகைப் பார்த்தீர்கள், 'இங்க ஒரு ஃபாரம் விட்டுப் போயிருக்கு' என்று முணுமுணுத்தீர்கள். ஃபாரம் என்றால் பதினாறு பக்க மடிப்பு, அதை ஒவ்வொன்றாக அடுக்கித்தான் பைண்டிங் தைப்பார்கள் என்று கேட்காத ஆளுக்கெல்லாம் விளக்கினீர்கள். அப்புறம் யாரும் தடுப்பதற்குள் பழம் நறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து அந்தப் புதுப் புத்தகத்தின் முதுகை நீங்களே கீறித் திறந்து, நூலை எண்ணிப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு எழுந்து நின்று, 'தப்பு என் மேலதான். ஆயுசுல மொதத் தடவை ஒரு ஃபாரத்தை விட்டுட்டேன். சபையில எல்லாரும் மன்னிக்கணும்' என்று கைகூப்பினீர்கள். எனக்குத் தெரிந்து நீங்கள் யாரிடமும் கைகூப்பினது இல்லை, வீட்டுக்காரரிடம்கூட.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே, 'அட, நீங்க விடலீங்க. அது உங்க வேதத்துல எப்பவுமே இல்லையே. உங்க ஆளுங்க என்னிக்கோ வெட்டி எடுத்துட்டாங்க' என்றார்.

'வெட்டி எடுத்தோமா? நீங்க ஒட்டிச் சேர்த்தீங்கய்யா!'

'எங்ககிட்ட ஆதியிலேருந்து எழுபத்துமூணு!'

'எங்ககிட்ட ஆதியிலேருந்து அறுபத்தாறு! வேதம் வானத்துலேருந்து இப்படியேதான் வந்துச்சு!'

'தச்சேவா வந்துச்சு?'

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கதவோரத்திலிருந்து, தட்டைப் பார்த்துக்கொண்டே, 'ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. ஆதியில பட்டியலே கிடையாது' என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நீங்கள் கிழிந்த புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினீர்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் கிளம்பினார். ஒரே வாசல் என்பதால் இரண்டு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வெளியே போக வேண்டியதாயிற்று.

அன்றைக்கு முடிக்க விடாத வாக்கியத்தை இன்றைக்கு முடிக்கிறேன். பெரியப்பா, இயேசுவுக்குப் பிறகு முதல் முந்நூறு வருஷம், நீங்கள் மடியில் வைத்துத் தட்டுகிற மாதிரி ஒரே கட்டாக வேதம் என்று ஒன்று கிடையாது. ஒரு ஊரில் இந்தச் சுவிசேஷம், இன்னொரு ஊரில் அந்த நிருபம், பக்கத்து ஊரில் நானும் நீங்களும் கேள்விப்படாத ஏதோ ஒன்று. கையில் கிடைத்ததை வாசித்தார்கள். சுருளுக்கு ஏது அட்டை? கூடையில் ஒன்று கூடினாலும் தெரியாது, குறைந்தாலும் தெரியாது. தாளை மடித்து நடுவில் தைத்து அட்டை போட ஆரம்பித்ததும்தான் எது உள்ளே, எது வெளியே என்ற கேள்விக்கு அவசரம் கூடியது. அதாவது இந்தச் சண்டையை வளர்த்ததில் உங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு. உலக முடிவைப் பற்றி உரக்க வாசித்து எங்களைச் சாப்பிட விடாமல் பயமுறுத்துவீர்களே, அந்த வெளிப்படுத்தின விசேஷத்தைப் பல சபைகள் ரொம்ப காலம் வாசலிலேயே நிற்க வைத்திருந்தன. எபிரெயருக்கு எழுதின நிருபத்தை யார் எழுதினது என்று தெரியாமல் அதைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு இழுபறி. இப்போது இருக்கிற இருபத்தேழு புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களும் அப்படியே முதன்முதலாக ஒரு பட்டியலில் வருவது, நமக்குத் தெரிந்தவரை, நாலாம் நூற்றாண்டில் ஒரு ஆயர் தன் சபைகளுக்கு எழுதின கடிதத்தில்தான். கடிதம்தானே என்று இளக்காரம் வேண்டாம்.

அந்த ஏழு புத்தகங்களின் கதை இன்னும் வேடிக்கை. யூதர்களின் எபிரேயப் பட்டியலில் அவை கிடையாது, கிரேக்கத்தில் வாசித்தவர்கள் கையில் இருந்தன. லத்தீனுக்கு மொழிபெயர்த்த அறிஞர் முனகிக்கொண்டே சிலதை மொழிபெயர்த்தார், நீங்கள் வேண்டாத வாடிக்கையாளருக்கு அட்டை போடுகிற மாதிரி. நம் பக்கத்துச் சீர்திருத்தக்காரர் யாக்கோபு நிருபத்தைக் கடைசிப் பெஞ்சுக்கு அனுப்பினார், ஆனால் அந்த ஏழு புத்தகங்களை அவர்கூட வெட்டி எறியவில்லை. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் தனியாக வைத்தார். போன வாரம் அம்மா உங்களிடம், 'அத்தான், ரெண்டுக்கும் நடுவுல வெச்சுத் தச்சுட்டா ஆச்சு, இதுக்குப் போயி' என்றாராமே, 'அடுப்படில இருக்கிற உனக்கு என்ன தெரியும்' என்று நீங்கள் எரிந்து விழுந்தீர்களாமே, அம்மா சொன்ன அதையேதான் அவரும் செய்தார். அப்படித் தைத்த வேதங்கள் நம் சபைகளிலேயே பல தலைமுறை புழங்கின. பிறகு அச்சிட்டவர்கள் மெதுவாக விட்டுவிட்டார்கள். மாமனாராக வரப்போகிறவருக்கும் இதே பூசை உண்டு, கவலைப்படாதீர்கள்: அவர் சொன்ன 'ஆதியிலேருந்து எழுபத்துமூணு' என்பதற்கு அவர்கள் பக்கம் கடைசியாகப் பூட்டுப் போட்டு ஐந்நூறு வருஷம்கூட ஆகவில்லை. இன்னொரு தேசத்தில் ஒரு பழைய சபையிடம் எண்பதுக்கும் மேல் இருக்கிறதாம். அவர்கள் உங்கள் இருவரையும் பார்த்துச் 'சே, பாவம்' என்றல்லவா சொல்லுவார்கள்?

இதெல்லாம் தெரிந்ததால் என் விசுவாசம் போய்விட்டது என்று பாஸ்டரிடம் போய் நிற்காதீர்கள். இத்தனை பேர் இத்தனை காலம் இழுத்தும் தையல் விடவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்தான் கூடியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் வேறு. தோபித்து உள்ளே என்று ஒருவர் குதிக்கிறார், வெளியே என்று ஒருவர் குதிக்கிறார், அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களில் ஒருத்தராவது படித்ததுண்டா? படிக்காமலே சேர்க்கிறதும் படிக்காமலே தள்ளுகிறதும் என்ன நியாயம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், அடிக்க வந்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு அந்த ஏழு புத்தகத்தின் மேல் கோபமே இல்லை. செய்யாத தப்புக்கு நாலு பேர் முன்னால் கைகூப்பிவிட்டீர்கள்; கேட்ட மன்னிப்பைத் திரும்ப வாங்க முடியாது. அதுதான் உறுத்துகிறது. பெரியப்பா, என் கண்ணுக்கு அந்த அறையில் அன்றைக்கு மரியாதையாக நின்றது நீங்கள் ஒருத்தர்தான். அதற்காக உங்கள் வீம்புக்கு என் கல்யாணத்தைத் தர முடியாது.

ஆகையால் என் முடிவு. குறித்த சனிக்கிழமை கல்யாணம் நடக்கும். வாசகம் தோபித்துதான், அதில் ஒரு எழுத்தும் மாறாது. நீங்கள் கைபிடித்துக் கூட்டிப் போனால் சந்தோஷம். வராவிட்டால் அம்மா பிடிப்பார். அம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டால் நானே நடந்து போவேன். எனக்குக் கூச்சம்தான், கால் இல்லாமல் இல்லை.

பெரியம்மாவுக்கு என் அன்பு. வெட்டும் இயந்திரத்தில் விரலைப் பார்த்து வையுங்கள். வயசில் மூத்த உங்களிடம் ஆசீர்வாதம் கேட்டு, இத்தனை வாய் பேசியதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்காமல் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படியாத மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன், இத்தனை எழுதிவிட்டு நானே படிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்று, அவரிடமிருந்து அவர்கள் வேதத்தை வாங்கித் தோபித்தை ஒரே மூச்சில் படித்தேன். பெரியப்பா, அதில் கல்யாணப் பெண்ணுக்கு ஏற்கெனவே ஏழு மாப்பிள்ளைகள், ஏழு பேரும் கல்யாணத்தன்றே அவுட். எட்டாவது ஆள் உள்ளே போனதும் பெண்ணின் அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே குழி வெட்டி வைக்கிறார். எட்டாவது ஆள் பிழைத்துக்கொள்கிறார், வாசிக்கப்போவதும் அவர் செய்கிற அழகான ஜெபம் மட்டும்தானாம். ஆனாலும் வந்திருக்கிறவர்களில் ஒருத்தருக்காவது முன்கதை தெரியாமலா இருக்கும்? கண்ணாடிக் கடைக்காரரிடம் சொன்னேன். அவரும் படித்ததில்லையாம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, 'நான் எத்தனாவது?' என்று கேட்டார். அவருடைய அப்பாவுக்கும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது; அவரே 'வேற பாத்துக்கலாம்' என்கிறார். ஆகையால் மேலே நான் போட்ட சவாலை எல்லாம் கண்டுகொள்ளாதீர்கள். நீங்களே வந்து உங்கள் அறுபத்தாறிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்து வாசியுங்கள், யாரும் சாகாத இடமாகப் பார்த்து. வாசகத்தை எத்தனை தடவை கேட்டாலும் மாற்றித் தருகிறேன். மாப்பிள்ளையை மாற்ற மாட்டேன்.