எட்டுச் சித்தர்களும் ஒரு தேங்காயும்

நிறைகுடம் வைக்காமல் நல்ல காரியம் நடக்காது என்று நம்புகிறவனுக்கு, வாய் உள்ள எந்தப் பாத்திரமும் குடமாகத்தான் தெரியும். 2011இல் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சிட்னியில் வில்லாவுட் அகதித் தடுப்பு முகாமில் இருந்து வெளியே வந்து, பென்டில் ஹில்லில் லின் அன்ரி என்ற சீனப் பெண்மணியின் வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். நானும் வதனியும் விரும்பியிருந்தோம். நார்த்மீட்டில் இருந்த அவளுடைய அப்பாவுக்கோ நான் படகில் வந்தவன், தற்காலிக வீசாக்காரன். ஒருமுறை வந்து பார்ப்பாராம், பிடிக்காவிட்டால் அவள் என்னை மறந்துவிட வேண்டுமாம். ஞாயிறு வருவதாகச் சொல்லியனுப்பினார்.

அன்று காலைதான் வீட்டில் குடம் இல்லை என்பது என் மூளைக்கு எட்டியது. லின் அன்ரி சந்தைக்குப் போயிருந்தார். அவருடைய கண்ணாடி அலுமாரியில் ஒரு பழைய பீங்கான் சாடி நின்றது. அதில் கடல் அலைமேல் எட்டுப் பேர். ஒருவர் கையில் சுரைக்குடுவை, ஒருவர் ஊன்றுகோலோடு, ஒரு பெண் தாமரையோடு. எல்லோரும் சாகாவரம் பெற்ற சித்தர்கள் என்று அன்ரி சொல்லியிருந்தார். (எங்களிடம் பதினெட்டுப் பேர். இந்த எட்டு எந்த மூலைக்கு?) தாமரைக்காரியை லட்சுமி என்று நானே முடிவுசெய்தேன்.

வாசலில் கதிரையில் சாடியை வைத்து, தண்ணீர் விட்டு, மாவிலை செருகி, மேலே குடுமித் தேங்காயை வைத்தேன். சாடிக்கு வாய் அகலம், கழுத்து ஒடுக்கம். தேங்காய் ஆடியது. ஆடாமல் இருக்க ஓர் அமத்து அமத்தினேன். கழுத்தில் போய் இறுகிவிட்டது. குடுமியைப் பிடித்து இழுத்தேன், குடுமி மட்டும் கையோடு வந்தது.

அந்த நேரம் பார்த்து வதனியின் அப்பா, அதுதான் அங்கிளின் கார் வந்து நின்றது. (சொன்ன நேரத்துக்கு முந்தி வருகிற தமிழர் சிட்னியில் அவர் ஒருவர்தான்.) பின்னாலேயே லின் அன்ரி, கையில் கீரைப் பை. சாடியைப் பார்த்து அப்படியே நின்றார். அவருடைய தகப்பனார் ஊரைவிட்டு ஓடும்போது துணியில் சுற்றிக் கொண்டுவந்த சாடியாம். எனக்கு வெட்கத்தில் உயிரே போய்விட்டது.

அங்கிள் கோட்டைக் கழற்றிவிட்டு, சாடியைத் தூக்கி, அந்தக் கதிரையில் உட்கார்ந்து மடியில் வைத்து அணைத்துக்கொண்டார். நான் தேங்காய்க் கண்ணைத் துளைத்து உள்ளே இருந்த தண்ணீரை எடுத்தேன். பிறகு சிரட்டையைச் சின்ன வாளால் துண்டு துண்டாக அறுத்தேன். லின் அன்ரி கரண்டியால் கிண்டி எடுத்தார். இரண்டு மணித்தியாலம் போனது. வீசா பற்றி யாரும் கேட்கவில்லை.

சாடி தப்பியது. விளிம்பில் கொஞ்சம் பொன்வரி மட்டும் உரிந்திருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று அன்ரி கேட்டார். இவர் வருவதற்கு மரியாதையாக வைத்தேன், வீட்டில் இதைவிடப் பெரிய பொருள் இல்லை என்றேன். அன்ரி சாடியை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டார்.

அங்கிள் காற்சட்டையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டினார்.

"தம்பி, எனக்கு ஒருத்தரும் இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை. இனி நீரும் செய்யவேண்டாம்."

அடுத்த கிழமை என் சாதகத்தைக் கேட்டு அனுப்பினார். இன்றுவரை குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், தேங்காயைக் கையில் எடுத்ததும் மாமா சுற்றிப் பார்த்துக் கேட்பார்: "மருமோன் எங்க நிக்கிறார்?"