அஸ்கர் சாரின் பீட்ரூட் ஆராய்ச்சி

கழிவறைக்குள் நடந்து போன சோமு, ஓடி வந்தான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"சார், செவப்பாப் போவுது சார்."

"எது?"

சோமு கையால் காட்டினான். அஸ்கர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த சைக்கிள் பையன்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அஸ்கருக்குக் காரணம் தெரியும். பீட்ரூட் சாறு குடித்தால் சிலருக்கு அப்படித்தான் போகும். பயமில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியரான அவருடைய முனைவர் பட்டமே அந்தப் பீட்ரூட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சாறு குடித்தால் சைக்கிள் மிதிக்கிற வேகம் கூடுமா என்பது ஆராய்ச்சி. பாதிப் பையன்களுக்கு நீல மூடி பாட்டிலில் சாறு. மீதிப் பேருக்கு மஞ்சள் மூடி பாட்டிலில் வெறும் சாயத்தண்ணீர். யாருக்கு எது என்று குடிப்பவனுக்குத் தெரிந்தால் ஆராய்ச்சி செத்தது. அதனால் இரண்டிலும் எலுமிச்சையும் இஞ்சியும் பிழிந்து, தன் நாக்குக்கே வித்தியாசம் தெரியாதபடி செய்திருந்தார். இன்று கடைசி நாள் என்பதால் எல்லாருக்கும் இரட்டை அளவு. முடிவைப் பார்க்கப் பேராசிரியர் அன்பழகன் வந்துகொண்டிருந்தார். இதற்கு மேல் தவணை கிடையாது என்று அவர் முன்பே சொல்லிவிட்டார்.

"வெயில் சூடுடா. எளநி குடி," என்றார் அஸ்கர்.

"ஒங்களுக்கு இப்புடிப் போயிருக்கா சார்?"

"நானுந்தான் தெனம் ஒரு பாட்டில் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே."

பொய்யில்லை. தனக்கென்று தனி பாட்டிலில் சாறு குடிக்கத் தொடங்கிய நாளிலிருந்து, கிளிஞ்சல்மேட்டுச் சாலையில் அவர் மிதித்த மிதிக்கு டவுன் பஸ் ஒதுங்கி வழிவிட்டது. எதிரே வந்த கடல்காற்று அவரைக் கண்டு திரும்பிப் போனது.

சோமு இளநீரை நம்பவில்லை. பக்கத்து ஊரான பூவத்திலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டான். ராஜம் ஆட்டோ நிற்பதற்குள் குதித்து வந்தாள்.

"எம்புள்ளைக்கு என்னத்த சார் ஊத்திக் குடுத்தீங்க?"

"சத்துத் தண்ணிதாங்க. இந்தா, ஜவஹர் அலியும் குடிச்சான். கல்லு மாதிரி நிக்கிறான் பாருங்க."

ஜவஹர் அலி மஞ்சள் மூடிக்காரன். சாயத்தண்ணீர் ஒன்றும் செய்யாது என்ற தைரியத்தில் அஸ்கர், "போய்ட்டு வந்து நீயே சொல்லுடா," என்று அவனைக் கழிவறைக்கு அனுப்பினார்.

கல்லு மாதிரி போன ஜவஹர் அலி, கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"எனக்கும் சார்."

அஸ்கர் அவனுடைய காலி பாட்டிலை எடுத்து மூடியைப் பார்த்தார், மஞ்சளேதான். ராஜம் வைத்த ஒப்பாரியில் தெருவே வாசலுக்கு வந்தது. அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் பேராசிரியர் உள்ளே வந்தார். ஒருவரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் அஸ்கரின் லேப்டாப்பைத் திறந்தார்.

"என்னய்யா இது? ரெண்டு கோஷ்டியும் ஒரே வேகத்துல ஓட்டியிருக்கானுவ. வித்தியாசம் எங்க?"

அஸ்கர் அடுப்படியைப் பார்த்துக் கத்தினார். "உம்மா, மஞ்ச மூடி பாட்டில்ல என்ன ஊத்துனீங்க?"

பாட்டில் நிரப்பும் பொறுப்பு அவருடைய அம்மா சுல்தான் பீவியுடையது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சாறுதான்."

"அது சாயத்தண்ணிக்கு உள்ள பாட்டிலும்மா."

"வீடு தேடி வந்த புள்ளைங்கள்ல பாதிப் பேருக்குச் சாறு, பாதிப் பேருக்குச் சாயத்தண்ணியா? பந்தியில வஞ்சனை பண்ற வூடா இது? நானே மார்க்கெட்டுக்குப் போயி இன்னும் பீட்ரூட்டு வாங்கியாந்து எல்லாருக்கும் ஒண்ணா அரச்சேன்."

ராஜத்தின் அழுகை பாதியில் நின்றது. "பீட்ரூட்டா? இத மொதல்லயே சொன்னா என்ன சார்? அம்மாவுக்குத்தான் எவ்ளோ நல்ல மனசு."

நல்ல மனசு, முனைவர் பட்டத்தை முழுசாக விழுங்கிவிட்டது. அஸ்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். பேராசிரியர் லேப்டாப்பை மூடப் போனவர், மூடாமல் நிறுத்தினார்.

"கடைசியில இது யாரு? அத்தன பேரையும் தூக்கிச் சாப்புட்டிருக்கான்."

"நான்தான் சார். சும்மா என் கணக்கையும் எழுதி வச்சேன்."

"நீங்க குடிச்சது?"

"சுத்தமான சாறு சார். வேற ஒண்ணும் தொடல."

"இந்த வயசுல இந்த வேகமா?" பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "பொழச்சீங்க அஸ்கர். இந்த ஒரு ஆள வச்சே ஆராய்ச்சிய முடிச்சிடலாம். பீட்ரூட்டுக்கு நீங்கதான்யா சாட்சி."

அஸ்கருக்குக் கண் கலங்கிவிட்டது. ராஜம் உட்பட எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடித்த பிறகு பேராசிரியருக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது.

"ஏம்மா, அப்ப அந்தச் சாயத்தண்ணிய என்ன பண்ணீங்க?"

"கீழ ஊத்த மனசு வரலங்க," என்றார் சுல்தான் பீவி. "அஸ்கரு நம்ம வூட்டுப் புள்ளதானே, தெனமும் அவன் பாட்டில்ல ஊத்திட்டேன்."